'ஒப்போஸ்' என்ற வினைச்சொல்லும் நமது 'எதிர்' என்ற சொல்லும்



தரம் பத்து மாணவி ஒருத்தி எழுதிய ஆங்கிலக் கட்டுரையில் இருந்து இந்தப் பாடத்தைத் தொடங்குகிறேன். சுற்றுலா போய் இரவு நேரம் பிந்தி வீடு திரும்பிய கதை அது. அவள் மனத்தில் தமிழில் இருந்த வசனம் இது: "உம்மா வாசலில் நின்று என்னை எதிர்கொண்டார்." அதை ஆங்கிலத்தில் எழுத அகராதியைப் புரட்டியிருக்கிறாள். 'எதிர்' என்ற சொல்லுக்கு நேரே 'ஒப்போஸ்' என்று இருந்திருக்கிறது. எனவே, "மை மதர் ஒப்போஸ்ட் மீ அட் த கேட்" என்று எழுதிவிட்டாள். ஆங்கிலம் தெரிந்த ஒருவர் இதை வாசித்தால், தாய் கதவை மறித்துக்கொண்டு மகளோடு சண்டைக்கு நின்றார் என்றுதான் விளங்கிக்கொள்வார்.

வகுப்பு சிரித்தது. நானும் சிவப்புப் பேனையால் அந்தச் சொல்லின் கீழ் ஒரு கோடு கீறினேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு அந்த வசனம் மனத்தை விட்டுப் போகவில்லை. அவள் விட்ட பிழை ஆதாரமில்லாத பிழை அல்ல. 'ஒப்போஸ்', 'எதிர்' ஆகிய இரண்டு சொற்களின் பிறப்பிடத்திலும் ஒரே காட்சிதான் இருக்கிறது. பிறகு இரண்டும் வெவ்வேறு வழியில் நடந்துவிட்டன. அந்த வழிகளைத் தெரிந்துகொண்டால் ஆங்கிலப் பாடத்துக்கும் உதவும், தமிழ்ப் பாடத்துக்கும் உதவும். வீட்டில் நாம் ஒருவரோடு ஒருவர் கதைக்கும் முறைக்கும் கொஞ்சம் உதவும் என்பது என் எண்ணம்.

1. 'ஒப்போஸ்' எங்கிருந்து வந்தது?

இச்சொல் ஆங்கிலத்துக்குள் பதினான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நுழைந்தது. பழைய பிரெஞ்சு மொழியின் 'ஒப்போசே' என்ற வினையே அதன் வாசல். அதற்கும் பின்னால் இலத்தீன் மொழியின் 'ஒப்பொனெரே' நிற்கிறது. இந்த இலத்தீன் சொல்லைப் பிரித்தால் இரண்டு பகுதி வரும். 'ஒப்' என்றால் முன்னால், எதிரே. 'பொனெரே' என்றால் வைத்தல். ஆக, ஒன்றை இன்னொன்றின் முன்னால் வைப்பதே இதன் முதற்பொருள். பகைமை, கோபம், சண்டை எதுவும் அந்த முதற்பொருளில் இல்லை. ஒரு மேசையில் இரண்டு கிண்ணங்களை நேருக்கு நேர் வைத்தாலும் அது 'ஒப்பொனெரே'தான்.

இங்கே ஒரு சுவையான கலப்பும் நடந்திருக்கிறது. பிரெஞ்சு மொழியின் 'போசே' என்ற வினை உண்மையில் 'பொனெரே'யின் பிள்ளை அல்ல. நிற்றல், ஓய்தல் என்ற பொருளுடைய 'பௌசாரே' என்ற பிற்கால இலத்தீன் சொல்லில் இருந்து அது வந்தது. அந்தச் சொல் கிரேக்கத்தில் இருந்து வந்தது. ஆங்கிலத்தில் சிறிது நேரம் நிறுத்துவதைக் குறிக்கும் 'போஸ்' (வானொலியில் நிறுத்தப் பொத்தானுக்கு எழுதியிருப்பார்களே, அதே சொல்) இதன் உறவுதான். ஓசை ஒற்றுமையால் 'போசே' என்ற இந்தச் சொல் 'பொனெரே'யின் பொருளையும் வேலையையும் எடுத்துக்கொண்டது. அதனால்தான் ஆங்கிலத்தில் வினைச்சொற்கள் ஒரு குடும்பத்தைச் சேர்ந்தவையாகவும், அவற்றின் பெயர்ச்சொற்கள் இன்னொரு குடும்பத்தைச் சேர்ந்தவையாகவும் இருக்கின்றன. 'ஒப்போஸ்' ஓய்வில் இருந்து வந்தது. 'ஒப்பொசிஷன்' வைத்தலில் இருந்து வந்தது.

இந்தக் குடும்பத்தில் நீங்கள் அறிந்த வேறு பிள்ளைகளும் உண்டு. கூட்டி வைத்தால் 'கம்போஸ்'. முன்மொழிந்து வைத்தால் 'ப்ரொபோஸ்'. வெளியே வைத்தால் 'எக்ஸ்போஸ்'. ஒருவர் மேல் வைத்துத் திணித்தால் 'இம்போஸ்'. முன்னொட்டு மட்டும் மாறுகிறது, அடி மாறுவதில்லை. ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாகப் பாடமாக்காமல் குடும்பமாகப் படித்தால் ஒரு மணித்தியாலத்தில் இருபது சொற்கள் கைக்கு வந்துவிடும்.

2. எதிர்த்தல் என்றால் முதலில் கேள்வி கேட்டல்

ஆங்கிலத்தில் இச்சொல் நுழைந்த காலத்தில் அதற்கு இருந்த பொருள்களில் ஒன்று இன்று மறைந்துபோய்விட்டது. ஒருவரிடம் கடினமான வினாக்களைக் கேட்டுச் சோதிப்பதையும் அன்று 'ஒப்போஸ்' என்ற சொல் குறித்தது. ஐரோப்பாவின் பழைய பல்கலைக்கழகங்களில் பட்டம் பெற விரும்பும் மாணவன் ஒரு கருத்தை முன்வைத்து வாதிட வேண்டும். அதில் உள்ள ஓட்டைகளைக் கேள்வி கேட்டுக் காட்டுவதற்கென்று இன்னொருவர் அமர்வார். அவரின் பெயர் 'ஒப்போனன்ட்'. அவர் பகைவர் அல்லர். அவர் இல்லாமல் பட்டம் இல்லை. சுவீடனிலும் பின்லாந்திலும் இன்றைக்கும் கலாநிதிப் பட்ட ஆய்வை நேரில் சோதிக்கும் அறிஞரை 'எதிர்வாதி' என்ற பொருளுடைய பெயராலேயே அழைக்கிறார்கள்.

இது நமக்குப் புதிய செய்தி போலத் தோன்றலாம். ஆனால் நமது இலக்கண நூல்களிலும் இதே எண்ணம் இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலில், நூலாசிரியர் கொள்ளும் மதங்கள் ஏழு என்று சொல்லப்படுகிறது. இங்கே மதம் என்பது சமயம் அல்ல, கொள்கை. பிறர் கருத்தோடு உடன்படுவது முதலாவது. மறுப்பது இரண்டாவது. மூன்றாவதைக் கவனியுங்கள்: பிறரின் கருத்தை முதலில் எடுத்துக்கொண்டு, அதன் பின்னர் அதைக் களைவது. அதாவது, எதிர்ப்பதற்கு முன்னர் எதிராளியின் கருத்தை அவர் சொன்னபடியே எடுத்துச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். தன் கருத்தைத் தானே நாட்டி நிறுவுவது, முரண்படும் இரண்டில் ஒன்றைத் துணிவது, பிறர் நூலின் குற்றத்தைக் காட்டுவது, பிறர் கருத்தோடு கலக்காமல் தன் கருத்தில் நிற்பது ஆகியவை ஏனைய நான்கு. எதிர்ப்பதற்கு இத்தனை வகை சொன்ன இலக்கணம், உரத்துக் கத்துவதை ஒரு வகையாகச் சேர்க்கவில்லை.

3. தமிழில் 'எதிர்'

இப்போது நமது சொல்லுக்கு வருவோம். 'எதிர்' பழைய திராவிடச் சொல். மலையாளத்தில் 'எதிர்' என்றும், கன்னடத்திலும் தெலுங்கிலும் 'எதுரு' என்றும் இதன் உறவுகள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் அடிப்படைப் பொருள் 'முன்பக்கம், நேர்முன்' என்பதே. நமது ஊரிலும் "பள்ளிவாசலுக்கு எதிரே உள்ள கடை" என்கிறோம். அந்தக் கடைக்காரருக்குப் பள்ளிவாசலோடு எந்தப் பிணக்கும் இல்லை. இலத்தீன் சொல்லும் தமிழ்ச் சொல்லும் ஒரே காட்சியில் இருந்து புறப்பட்டன என்று நான் சொன்னது இதைத்தான்.

ஆனால் தமிழ், அந்த 'முன்பக்கத்தில்' இருந்து ஆங்கிலம் போகாத இடங்களுக்கெல்லாம் போயிருக்கிறது.

ஒன்று, காலம். தொல்காப்பியம் மூன்று காலங்களை இறப்பு, நிகழ்வு, எதிர்வு என்று பெயரிடுகிறது. நமக்கு முன்னால் இருந்து நம்மை நோக்கி வருவதே எதிர்காலம். திருக்குறளின் அறிவுடைமை அதிகாரத்திலும், வரப்போவதை முன்னறிந்து காத்துக்கொள்பவரைப் பற்றிச் சொல்லும்போது வள்ளுவர் இந்த 'எதிர்' என்ற அடியையே எடுக்கிறார்.

இரண்டு, வரவேற்பு. விருந்தாளியை வாசல் வரை முன்சென்று அழைப்பது எதிர்கொள்ளல். மாப்பிள்ளை வரும் இரவில் நம் வீடுகளில் நடப்பதும் அதுதான். துன்பத்தையும் நாம் 'எதிர்கொள்கிறோம்'. முகம் திருப்பாமல் முன்னே சென்று நிற்பது என்பதே இரண்டிலும் பொருள்.

மூன்று, நம்பிக்கை. முன்பக்கம் பார்த்துக்கொண்டு இருப்பது எதிர்பார்த்தல். கடலுக்குப் போன வாப்பாவைக் கரையில் நின்று பார்த்திருக்கும் பிள்ளைக்கு இந்தச் சொல்லின் பொருளை யாரும் விளக்கத் தேவையில்லை.

நான்கு, மறுமொழி. நாம் எழுப்பிய ஒலி முன்னால் இருந்து திரும்பி வந்தால் எதிரொலி.

ஐந்தாவதாகத்தான் எதிர்த்தல், எதிர்ப்பு, எதிரி என்ற பொருள்கள் வருகின்றன. சேர்தல், சேர்த்தல் என்பதைப் போல எதிர்தல், எதிர்த்தல் என்று இரண்டு வடிவங்கள் தமிழில் உள்ளன. எதிர்தல் என்றால் நேர்ப்படுதல், முன்வருதல், ஏற்றுக்கொள்ளுதல் என்ற பொருள்கள் வரும். எதிர்த்தல் என்றால் மாறாக நிற்றல். இடையில் ஒரு 'த்'தான் வித்தியாசம்.

நீதிமன்றத் தமிழையும் பாருங்கள். வழக்குத் தொடுப்பவர் வழக்காளி, மற்றவர் எதிராளி. எதிராளி என்பதால் அவர் குற்றம் செய்தவர் என்று பொருள் இல்லை. அவர் பக்கத்தைக் கேட்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாது என்பதே அந்தச் சொல்லின் நியாயம்.

உயர்தர மாணவிகள் புறத்திணைகளையும் நினைவுபடுத்திக்கொள்ளலாம். புறப்பொருள் வெண்பாமாலை போர்த் திணைகளை இணை இணையாக வைக்கிறது. ஆநிரை கவர்வது வெட்சி, மீட்பது கரந்தை. படையெடுத்துச் செல்வது வஞ்சி, அதைத் தடுத்து நிற்பது காஞ்சி. மதிலை முற்றுகையிடுவது உழிஞை, மதிலைக் காப்பது நொச்சி. எதிர்த்து நிற்பவனுக்கும் சூடுவதற்கு ஒரு பூ உண்டு என்பது அந்த மரபு.

4. பகை இல்லாத எதிர்ப்பு

ஆங்கிலத்திலும் இச்சொல்லின் பழைய, பகையில்லாத பொருள் அறிவியலில் உயிரோடு இருக்கிறது. உங்கள் வலது கையைத் தூக்கிப் பாருங்கள். கட்டைவிரலை வளைத்துச் சுண்டுவிரல் நுனியைத் தொடுங்கள். இந்த அசைவுக்கு உடற்கூற்றியலில் 'ஒப்பொசிஷன்' என்று பெயர். கட்டைவிரல் மற்ற நான்கு விரல்களுக்கும் பக்கத்தில் ஐந்தாவதாக ஒட்டிக்கொண்டு நின்றிருந்தால் பேனை பிடிக்க முடியாது. ஊசியில் நூல் கோர்க்க முடியாது. பாய் இழைக்க முடியாது. அது எதிரே வந்து நிற்பதால்தான் கை ஒரு பொருளைப் பற்றுகிறது.

வானியலிலும் இப்படியே. பூமியில் இருந்து பார்க்கும்போது ஒரு கோள் சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் நிற்கும் நிலையை 'ஒப்பொசிஷன்' என்கிறார்கள். செவ்வாயும் வியாழனும் அந்த நிலைக்குக் கிட்டிய நாட்களில்தான் நன்றாக ஒளிரும். நிலவும் சூரியனுக்கு எதிரே வரும் இரவில்தான் பதினான்காம் பிறை முழுமையடைகிறது. சூரியன் இருக்கும் பக்கமே நிலவும் நிற்கும் நாளில் வானத்தில் நிலவே தெரிவதில்லை.

5. அரபு மொழியில் இருந்து ஒரு பாடம்

நம் வீடுகளில் புழங்கும் 'கிலாபு', உலமாக்கள் சொல்லும் 'இக்திலாப்' ஆகிய சொற்கள் கருத்து வேறுபாட்டைக் குறிப்பவை. இவை கா, லாம், பா என்ற மூன்று எழுத்துகளின் அடியில் இருந்து வந்தவை. 'பின்னால்' என்று பொருள்படும் சொல்லும், பின்வந்து பொறுப்பேற்பவரைக் குறிக்கும் 'கலீபா' என்ற சொல்லும் அதே அடியில்தான் பிறக்கின்றன. இலத்தீனும் தமிழும் முன்பக்கத்தில் இருந்து புறப்பட, அரபு பின்பக்கத்தில் இருந்து புறப்பட்டிருக்கிறது. வேறுபடுவதும் பின்தொடர்வதும் ஒரே அடியில் இருப்பது சிந்திக்கத் தக்கது.

இதற்கு ஓர் உயிருள்ள உதாரணம் இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்கள். இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலோர் வழிவழியாகப் பின்பற்றி வந்தது அவர்களின் மத்ஹபையே. அவர்கள் மதீனாவில் இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் பாடம் கற்ற மாணவர். பின்னர் பல சட்டங்களில் தம் ஆசிரியரின் கருத்தில் இருந்து வேறுபட்டார்கள். எகிப்துக்குச் சென்ற பிறகு, ஈராக்கில் இருந்தபோது தாமே சொன்ன சில முடிவுகளையும் மாற்றிக்கொண்டார்கள். ஆசிரியரின் மேல் இருந்த மதிப்பு கருத்து வேறுபாட்டைத் தடுக்கவில்லை. கருத்து வேறுபாடு அந்த மதிப்பைக் கெடுக்கவும் இல்லை.

அல்குர்ஆனின் ஐம்பத்தெட்டாவது அத்தியாயத்தின் பெயரையும் மாணவிகள் நினைவில் கொள்ள வேண்டும். 'முஜாதலா' என்றால் தர்க்கித்தல். 'முஜாதிலா' என்று ஓதினால் தர்க்கிக்கும் பெண். அந்தப் பெண் கவ்லா பின்த் தஃலபா (ரழி). கணவர் கோபத்தில் அவரைத் தம் தாய்க்கு ஒப்பிட்டுச் சொல்லிவிட்டார். மனைவியைப் பிரித்தும் விடாமல், சேர்த்தும் கொள்ளாமல் அந்தரத்தில் விடும் அறியாமைக் கால வழக்கம் அது. கவ்லா அடங்கிப் போகவில்லை. நபி (ஸல்) அவர்களிடம் வந்து தம் நிலையைத் திரும்பத் திரும்ப எடுத்துரைத்தார், அல்லாஹ்விடமும் முறையிட்டார். அவரின் முறையீட்டைத் தொடர்ந்து இறங்கிய வசனங்கள் அந்த வழக்கத்தைக் கண்டித்து, அப்படிச் சொன்ன கணவன் செய்ய வேண்டிய பரிகாரத்தையும் விதித்தன. ஒரு பெண்ணின் வாதம் ஓர் அத்தியாயத்துக்குப் பெயராக நிலைத்திருக்கிறது.

6. நாட்டுக்கும் எதிர்ப்பு வேண்டும்

பாராளுமன்றத்தில் 'எதிர்க்கட்சி' என்பது ஆங்கிலத்தில் 'ஒப்பொசிஷன்'. 1826 இல் பிரித்தானியப் பாராளுமன்றத்தில் ஹொப்ஹவுஸ் என்ற உறுப்பினர், "மாட்சிமை தங்கிய மன்னரின் எதிர்க்கட்சி" என்ற பொருள்படும் தொடரைப் பகிடியாகச் சொன்னார். அரசரின் அமைச்சரவை இருப்பது போல அரசரின் எதிர்க்கட்சியும் உண்டா என்று அன்று சிரித்தார்கள். 1937 இல் அதே நாட்டில் எதிர்க்கட்சித் தலைவருக்குச் சட்டப்படி அரசாங்கச் சம்பளம் வழங்கப்பட்டது. பகிடி பதவியாகிவிட்டது. ஆட்சியை எதிர்ப்பவரும் நாட்டுக்கு வேலை செய்பவரே என்பது அதன் பொருள்.

நமது நாட்டில் 1977 தேர்தலின் பின்னர் அ. அமிர்தலிங்கம் அவர்களும், 2015 முதல் 2018 வரை இரா. சம்பந்தன் அவர்களும் எதிர்க்கட்சித் தலைவர் ஆசனத்தில் இருந்தார்கள். வள்ளுவரும் இதைத் தம் முறையில் சொல்லியிருக்கிறார். பிழையை எடுத்துக் காட்டி இடித்துரைப்பவர் இல்லாத அரசன், கெடுப்பதற்குப் பகைவர் யாரும் இல்லாவிட்டாலும் தானாகவே கெட்டுப்போவான் என்பது 'பெரியாரைத் துணைக்கோடல்' அதிகாரத்தின் கருத்து.

7. உறவுச் சொற்களும் வேறுபாடுகளும்

எதிர்ப்பைக் குறிக்கும் ஆங்கில வினைகள் பல. தமிழில் எல்லாவற்றுக்கும் 'எதிர்த்தல்' என்றே எழுதிவிடுகிறோம். அவற்றின் பிறப்பைத் தெரிந்தால் வேறுபாடு புலப்படும்.

'ரெசிஸ்ட்': நிற்றல் என்ற அடியில் இருந்து வந்தது. தள்ளும்போது தள்ளுப்படாமல் நிற்பது. கருத்து சொல்லத் தேவையில்லை. அசையாமல் இருந்தால் போதும். நோயையும் ஆசையையும் 'ரெசிஸ்ட்' செய்யலாம்.

'ஒப்ஜெக்ட்': முன்னால் எறிதல். ஒருவர் போகும் பாதையில் ஒரு தடையைப் போடுவது போல ஆட்சேபம் தெரிவிப்பது.

'ப்ரொடெஸ்ட்': சாட்சி சொல்லுதல். ஊரறிய, வெளிப்படையாக ஒன்றைச் சொல்லுதல். வீட்டுக்குள் முணுமுணுப்பது 'ப்ரொடெஸ்ட்' ஆகாது.

'கொன்ட்ரடிக்ட்': மாறாகச் சொல்லுதல். செயலால் அல்ல, சொல்லால்.

'வித்ஸ்டாண்ட்': இது பழைய ஆங்கிலச் சொல். இன்று 'ஓடு' உருபின் பொருளில் வழங்கும் 'வித்', பழைய ஆங்கிலத்தில் 'எதிராக' என்றே பொருள்பட்டது. அதனால்தான் 'ஃபைட் வித்' என்றால் இன்றும் ஒருவரோடு சேர்ந்து போரிடுவதா, ஒருவரை எதிர்த்துப் போரிடுவதா என்ற மயக்கம் வருகிறது. தமிழிலும் "அவனோடு சண்டை பிடித்தான்" என்கிறோமே, அந்த 'ஓடு' உருபைக் கவனியுங்கள்.

நமது பக்கத்திலும் எதிர்ப்புக்கென்று பிறந்த சொற்கள் உண்டு. கடையடைப்பைக் குறிக்கும் 'ஹர்த்தால்' குஜராத்தி வழியாக வந்தது; கடையும் பூட்டும் சேர்ந்த சொல் அது. 1953 ஓகஸ்ட் 12 இல், அரிசி விலை கொத்து ஒன்றுக்கு 25 சதத்தில் இருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டதை எதிர்த்து இலங்கையில் நடந்த ஹர்த்தாலின் பின் பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார். காந்தியடிகள் தென்னாபிரிக்காவில் தம் போராட்டத்துக்கு 'பாசிவ் ரெசிஸ்டன்ஸ்' என்ற ஆங்கிலப் பெயர் பொருந்தவில்லை என்று கருதி, புதுப்பெயர் கேட்டுப் பத்திரிகையில் போட்டி வைத்தார். உண்மையைப் பற்றிப் பிடித்தல் என்ற பொருளில் 'சத்தியாக்கிரகம்' அப்படிப் பிறந்தது. அந்தப் போராட்டத்தில் சிறை சென்று, நோயுற்று 1914 பெப்ரவரி 22 இல் இறந்த தில்லையாடி வள்ளியம்மைக்கு அப்போது வயது பதினாறு. உங்களில் பலரின் வயது.

8. வசனத்தில் வைக்கும் முறை

பரீட்சையில் அதிகம் புள்ளி இழக்கும் இடம் இது. 'ஒப்போஸ்' வினையாக வரும்போது அதன் பின்னால் 'டு' வராது, 'அகெய்ன்ஸ்ட்' வராது. "ஷீ ஒப்போஸ்ட் த பிளான்" என்பது சரி. "ஷீ ஒப்போஸ்ட் டு த பிளான்" என்பது பிழை. ஆனால் "ஷீ இஸ் ஒப்போஸ்ட் டு த பிளான்" என்பது சரி.

இதை மனத்தில் இருத்த நமது வேற்றுமை இலக்கணமே உதவும். "திட்டத்தை எதிர்த்தாள்" என்னும்போது இரண்டாம் வேற்றுமை; இடையில் எதுவும் தேவையில்லை. "திட்டத்துக்கு எதிரானவள்" என்னும்போது நான்காம் வேற்றுமை. 'கு' உருபு வருகிறது. அந்தக் 'கு' வரும் இடத்தில் ஆங்கிலத்தில் 'டு' வரும் என்று நினைவில் வையுங்கள். 'ஒப்போஸ்ட் டு' என்பதற்குப் பிறகு வினை வந்தால் 'இங்' ஈறு வேண்டும்: "ஐ அம் ஒப்போஸ்ட் டு செலிங் த லேண்ட்."

எனவே முதலில் சொன்ன மாணவி 'ஒப்போஸ்ட்' என்பதை அடித்துவிட்டு, 'வெல்கம்ட்' என்றோ 'மெட்' என்றோ எழுதியிருக்க வேண்டும்.

9. 'மறு'வும் 'மறுகா'வும்

கடைசியாக நமது மண்ணின் சொல் ஒன்று. மட்டக்களப்பு, அம்பாறைக் கரையில் 'பிறகு' என்பதற்கு 'மறுகா' என்போம். "மறுகா வாறன்" என்று சொல்லாத வாய் நம் ஊரில் இல்லை. வெளியூர் போனால் இந்தச் சொல்லுக்காகவே நம்மை அடையாளம் கண்டு சிரிப்பார்கள். வெட்கப்படத் தேவையில்லை. 'மறு' என்பது பழந்தமிழ் அடி. மறுநாள் என்றால் அடுத்த நாள். மறுமை என்றால் இம்மைக்கு அடுத்தது. மறுமொழி என்றால் கேட்டவருக்குத் திருப்பிச் சொல்லும் மொழி. அதே ஓசையில்தான் மறுத்தலும் மறுப்பும் இருக்கின்றன. அடுத்ததும், திருப்பிச் சொல்வதும், 'இல்லை' என்பதும் தமிழில் அருகருகே வாழ்கின்றன. மறுப்பு என்பது பேச்சின் முடிவு அல்ல, அடுத்த பேச்சின் தொடக்கம் என்று நான் இதற்குப் பொருள் கொள்வேன்.

10. வீட்டில் இந்தச் சொல்

சென்ற வருடம் ஒரு விவாதப் போட்டிக்கு மாணவிகளைத் தெரிவு செய்தபோது, நன்றாகப் பேசக்கூடிய ஒருத்தி, "மிஸ், எனக்கு எதிரணி வேணாம்" என்றாள். ஏன் என்று கேட்டேன். "எதிர்த்துக் கதைக்கிற பிள்ளை எண்டு ஊட்டுல ஏசுவாங்க" என்றாள். நான் சிரிக்கவில்லை. ஏனெனில் அந்தப் பிள்ளையின் வயதில் நானும் அப்படியே இருந்தேன்.

உயர்தரத்துக்கு விஞ்ஞானப் பிரிவு எடுக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. பெறுபேறும் போதுமானதாக இருந்தது. மாலை வகுப்புகளுக்குத் தூரம் போய்வர வேண்டும், இருட்டிவிடும் என்று சொல்லி, "கலைப்பிரிவு எடுங்க மகள்" என்றார் வாப்பா. நான் ஒரு சொல் பேசவில்லை. தலையை ஆட்டிவிட்டு அறைக்குள் போய் அழுதேன். எதிர்ப்பது பாவம் என்று நினைத்திருந்தேன். பல வருடங்கள் கழித்து, நான் ஆசிரியையான பிறகு, ஏதோ பேச்சில் இந்தக் கதை வந்தது. வாப்பா நெடுநேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க ஒண்டும் சொல்லல்லையே மகள். உங்களுக்கும் விருப்பம் எண்டுதான் நான் நினைச்சன். ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா காக்காவைக் கூட்டிப் போய்வரச் சொல்லியிருப்பன்" என்றார். அவர் அன்று சொன்னது தீர்ப்பு அல்ல, ஒரு யோசனை. எதிரே வைக்க வேண்டிய என் யோசனையை நான் வைக்கவே இல்லை. தமிழ் ஆசிரியையாக வந்ததில் எனக்கு வருத்தம் இல்லை. வாப்பாவுக்கு மறுமொழி சொல்லாமல் விட்டதில்தான் வருத்தம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை மாற்றுக் கருத்துச் சொன்னால் அது வாய்காட்டுதல் என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். அவமதிப்பும் எதிர்ப்பும் ஒன்றல்ல. குரலும் சொல்லும் மரியாதையாக இருக்கும்வரை, அவள் தன் மனத்தை உங்கள் முன்னால் வைக்கிறாள். முன்னால் வைக்காத பிள்ளைகள் பின்னால் வைப்பார்கள், அதுதான் கவலைக்குரியது.

மாணவிகளுக்கும் ஒரு வார்த்தை. எதிர்ப்பது உரிமை மட்டும் அல்ல, அது ஒரு வேலையும் கூட. நன்னூல் காட்டியபடி மற்றவரின் கருத்தை முதலில் சரியாக எடுத்துச் சொல்லுங்கள். "வாப்பா, இருட்டிவிடும் என்று நீங்கள் பயப்படுவது நியாயம்" என்று தொடங்குங்கள். பிறகு உங்கள் காரணத்தைச் சொல்லுங்கள். வழி ஒன்றையும் சொல்லுங்கள். ஆளைத் தாக்காமல் கருத்தை எதிருங்கள். இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்களைப் போல, பிழை என்று தெரிந்தால் மாற்றிக்கொள்ளவும் ஆயத்தமாக இருங்கள்.

அந்த மாணவியின் தாயாரை நான் நேரில் கண்டு பேசினேன். அவர் கேட்டுவிட்டு, "எதிரணி எண்டா சண்டை இல்லையா மிஸ்?" என்றார். இல்லை என்று விளக்கினேன். மகள் எதிரணியில் நின்றாள். அவர்கள் தோற்றார்கள். ஆனால் போட்டி முடிந்ததும் நேரே தாயிடம் ஓடிப்போய், "உம்மா, அவங்கட மூன்றாவது பொயின்ட் சரிதான்" என்றாள். எதிர்த்து நின்றதால்தான் அது அவளுக்கு விளங்கியது.

பயிற்சி

1. 'எதிர்' என்ற அடியில் இருந்து பிறந்த பத்துச் சொற்களை எழுதி, அவற்றில் பகைமைப் பொருள் உள்ளவை எவை, இல்லாதவை எவை எனப் பிரிக்குக.

2. பின்வரும் வசனங்களில் 'ஒப்போஸ்' பொருந்தும் இடங்களைத் தெரிவு செய்க: (அ) விருந்தாளியை எதிர்கொண்டனர். (ஆ) விலை உயர்வை எதிர்த்தனர். (இ) மழையை எதிர்பார்த்தனர். (ஈ) மரம் வெட்டுவதற்கு எதிரானவர்கள்.

3. 'ரெசிஸ்ட்', 'ஒப்ஜெக்ட்', 'ப்ரொடெஸ்ட்' ஆகியவற்றின் பொருள் வேறுபாடு விளங்க உங்கள் ஊர் வாழ்க்கையில் இருந்து ஒவ்வொரு உதாரணம் தருக.

4. உங்கள் வீட்டில் நீங்கள் உடன்படாத ஒரு முடிவை எடுத்துக்கொள்க. முதலில் பெற்றோரின் காரணத்தை அவர்களே ஒப்புக்கொள்ளும்படி ஐந்து வரிகளில் எழுதுக. அதன் பின்னர் உங்கள் காரணத்தை ஐந்து வரிகளில் எழுதுக. எழுதியதை அவர்களிடம் வாசித்துக் காட்டுக.